உள்ளே ஒருவர்

இது கட்டுக்கதை இல்லை. என் அக்காவுக்கு நடந்தது. மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது அவள் வேலை. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று படம் போட்டு விளக்குவாள். கண்ணால் பார்க்காததை ஒரு வரிகூட எழுத மாட்டாள்.

அன்று விடுமுறை. நல்ல மத்தியானம். ஆபீசில் அவள் மட்டும். குளிர்பதனக் கிடங்குகளின் கதவைப் பூட்டித் திறக்கும் மென்பொருளுக்குக் கையேடு. மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். பாக்கி ஒரே படம். கதவு பூட்டியிருக்க வேண்டும், 'உள்ளே ஆள்' என்ற கட்டத்தில் 0 இருக்க வேண்டும்.

மணி 2.40. 'பூட்டு' என்பதை அழுத்தினாள்.

உள்ளே ஆள்: 1.

புரோகிராமருக்குப் போன் போட்டாள்.

"தம்பி, ஒண்ணுன்னு காட்டுதே?"

"டெஸ்ட் காப்பிதான்க்கா. பழைய கிடங்கு ஒண்ணோட பதிவுல இருந்து எடுத்தது. இப்ப எந்தக் கதவோடயும் கனெக்‌ஷன் இல்ல. சும்மா அழுத்துங்க."

2.46. திரையில் கதவு தானாகத் திறந்தது.

எரிச்சலோடு பூட்டினாள். திறந்தது. பூட்டினாள். திறந்தது. நான்காவது முறை ஓங்கி அழுத்தினாள்.

"சனியனே, மூடித் தொலை!"

3.10. ஸ்பீக்கரில் ஒரு சத்தம்.

டொக்... டொக்... டொக்...

வயரைப் பிடுங்கினாள். சத்தம் நிற்கவில்லை. விரல் நுனி விறைத்தது. ஆனாலும் படம் வேண்டுமே...

கதவு திறந்தது. ஐந்தாவது முறை பூட்டினாள்.

ஆறு.

ஏழு.

டொக்...

அதோடு சரி.

3.25. உள்ளே ஆள்: 0.

"அப்பாடா" என்றாள். படத்தை எடுத்து ஒட்டினாள். கையேட்டை அனுப்பிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துத்தான் புரோகிராமர் அந்தப் பழைய கிடங்கின் கதையைச் சொன்னார். நான்கு வருஷத்துக்கு முன்னால், மூட்டை தூக்குகிறவர் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டு விறைத்துச் செத்தாராம். கோர்ட்டில் காவலாளி கதறியிருக்கிறார்.

"நான் பூட்டவே இல்லய்யா! அவர் தட்டத் தட்ட நான் திறந்தேன்... திறக்கத் திறக்க அது பூட்டிக்கிச்சு!"

யாரும் நம்பவில்லை. ஏழு முறை பூட்டியதாகப் பதிவு இருந்தது. ஆயுள் தண்டனை.

அக்கா அந்தப் பதிவை வாங்கிப் பார்த்தாள். முதல் பூட்டு, 2.40.

யாரிடம் போய் என்னவென்று சொல்வாள்? வாயை மூடிக்கொண்டாள்.

காவலாளி இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறார்.