சாவடிக்கு வந்த மாரம்மா

குண்டலுபேட்டைக்குத் தெற்கே அந்த ஊரில் சாவடி கட்டிய வருஷம்தான் தேவம்மாவின் புருஷன் செத்துப்போனான். வீட்டுக்கு ஓர் ஆள், நாற்பது நாள் வேலை என்பது ஊர்க்கட்டு. ஐந்து மாத வயிற்றோடு தேவம்மாவே அவன் பங்குக்கு மண் சுமந்தாள். "உன் வீட்டு விசேஷத்துக்குச் சாவடி இருக்குது" என்று ஊரே அன்று சொன்னது.

பதினாறு வருஷத்தில் சாவடி எது எதற்கோ ஆயிற்று. தாலுகா அதிகாரியான அமல்தார் முகாம் போட்டார். விஷக்காய்ச்சல் வந்தபோது நோயாளிகள் வரிசையாகப் படுத்தார்கள். பிறகு பள்ளிக்கூடம்; சுவரில் கரி படாத இடமில்லை. தேவம்மா ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதுதான் கேட்டாள். வெள்ளிக்கிழமை மகள் கெம்பம்மாவுக்குக் கல்யாணம். தகப்பனில்லாத பெண்ணென்றால் ஊர்ப் பெரியவர்கள் கூடித் தாம்பூலம் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பேச்சின்மேல்தான் சம்மதித்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மழை வேண்டி மாரம்மாவைக் கோயிலிலிருந்து தூக்கிவந்து சாவடியில் உட்காரவைத்துவிட்டார்கள். கூரைத் தண்ணீர் தெருவில் ஓடும்வரை ஆத்தா திரும்பமாட்டாள். அதுவரை அந்தக் கூரைக்குக் கீழே மேளமும் கூடாது, தாலியும் கூடாது.

வியாழக்கிழமை நாலு தூறல் விழுந்தது. தேவம்மா ஊர்த்தலைவரான பட்டேல் நஞ்சுண்டசாமியிடம் ஓடினாள்.

"மழை வந்துருச்சுங்க. ஆத்தாளைக் கூட்டிட்டுப் போங்க."

பட்டேல் செருப்பால் தெருவைக் கீறினார். அடியில் காய்ந்த புழுதி. "இதுக்குப் பேரு மழையா? கோழிகூட நனையல."

"நான் நனைஞ்சிருக்கறனே!"

"ஆவணிக்குத் தள்ளி வெச்சுக்க."

"அமல்தாரை ஆவணிக்கு வாங்கன்னு சொன்னீங்களா?"

பட்டேல் வெற்றிலை மென்றார். பட்டேலைத் திட்டலாம், ஆத்தாளை யார் திட்டுவது?

"ஏனுங்க, ஆத்தா இங்க இருக்கறா. அப்ப அவ வீடு சும்மாதான கெடக்குது?"

"சாமியில்லாத கோயில்ல கல்யாணமா? எந்தச் சாத்திரத்துல இருக்குது?"

"கூடாதுன்னு எதுல இருக்குது?"

பூசாரியைக் கேட்டார்கள். அவருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலிக் கோயிலில் மேளம் கொட்டியது. பெரியவர்கள் வந்தார்கள், வாசற்படி தாண்டவில்லை. பட்டேல் வெளியே நின்றபடி தாம்பூலத் தட்டை நீட்டினார்.

மாப்பிள்ளையின் சித்தப்பன் கையைக் கட்டிக்கொண்டான். "தெருவுல நின்னு நீட்டுனா, ஊரு குடுத்ததா ஆகுமா?"

தேவம்மா தட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். தாம்பூலம் கீழே விழக்கூடாதே என்று பிடியை விடாத பட்டேல், தட்டோடு சேர்ந்து உள்ளே வந்து நின்றார்.