பாதம் வைத்த காலுறை

பிள்ளைக்கு ஓடியாடும் பழக்கம் வேண்டும், அப்போதுதான் நெஞ்சு விரியும், இழுப்பு குறையும் என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னதுதான் ஆரம்பம். நீச்சலில் சேர்த்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். தண்ணீர் இல்லை, பாலே நடனம் என்று அவள் அம்மா சொன்னதும் கொஞ்சம் நிம்மதி வந்தது. முதல் சனிக்கிழமை அந்த நடன வகுப்புக்குள் கால் வைத்ததும் அந்த நிம்மதியும் போய்விட்டது.

சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி அது. வெளியே வெயில் தலையைப் பிளக்கிறது. கதவைத் திறந்தால் மீன் கடை ஐஸ் பெட்டியைத் திறந்தது மாதிரி ஒரு குளிர் முகத்தில் அடிக்கிறது. நான்கு ஏர்கோன் ஓடுகிறது. அதற்குக் கீழே எட்டு சின்னப் பிள்ளைகள், கையும் காலும் தெரிய, உடம்போடு ஒட்டிய மெல்லிய உடுப்பில் நிற்கிறார்கள். எங்கள் பிள்ளை கடைசியில் நின்றாள். அவளுக்கு ஏழு வயது. தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு இருக்கும். நான் வாசலோடு திரும்பி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். இங்கிலீஷ் பேசும் அம்மாக்கள் நடுவில் போய் உட்கார எனக்குக் கூச்சம்.

நான் அவளைப் பெற்றவள் இல்லை. உறவும் இல்லை. நாற்பது நாள் பிள்ளையாக என் கையில் கொடுத்தார்கள், அன்றிலிருந்து அந்த வீட்டின் பின்னறையில்தான் இருக்கிறேன். அவள் அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. அம்மா அலோர் ஸ்டாரில் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. சனிக்கிழமையும் போக வேண்டும். ரயிலில் போய் ரயிலில் வருவாள். என்னை அவள் அக்கா என்பாள். பிள்ளை பெரியம்மா என்பாள்.

போன வருஷம் மழை மாதத்தில் ஒரு மத்தியானம் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சுங்கை லாலாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில், நான் ஆறாம் வகுப்பு முடித்த வருஷம், என் தங்கைக்கு அதே மாதிரி போனது. ஆஸ்பத்திரிக்குப் போக லோரி வருவதற்குள் அவள் போய்விட்டாள். இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்புப் போடாமல் கிளினிக்குக்கு ஓடினேன். மூக்கில் கிண்ணம் மாதிரி ஒன்றை வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள், சரியானது. எனக்குத்தான் சரியாகவில்லை. அன்றிலிருந்து அவள் தூங்கும்போதெல்லாம் என் கை அவள் நெஞ்சின் மேல் இருக்கும்.

மூன்றாவது வாரம் டீச்சரிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. டீச்சர் சீனப் பெண், இளவயது. இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் பிள்ளைதான் எனக்குப் படித்துச் சொன்னாள். உடம்பு சூடாகும் வரைக்கும் மேலே போட்டுக்கொள்ள உடுப்பு வாங்க வேண்டுமாம். முன்னால் கட்டிக்கொள்ளும் மெல்லிய சுவெட்டர் ஒன்று. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை இழுத்துவிடுகிற கம்பளிக் காலுறை ஒரு ஜோடி.

"அப்புறம் வேர்த்தவுடனே கழட்டிடணுமாம், பெரியம்மா."

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். வேர்த்த உடம்போடு அந்த ஏர்கோனுக்குக் கீழே கழற்றிவிட்டு நிற்பதாவது!

அவள் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது, "அக்கா, நீங்களே பாத்து வாங்கிடுங்க. டீச்சர் சொன்ன மாதிரி இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நடன சாமான் விற்கும் கடை பேரங்காடியில் இருந்தது. சுவெட்டர் சீக்கிரம் கிடைத்துவிட்டது. காலுறையை எடுத்துப் பார்த்தேன். ரோஸ் நிறம், நல்ல கம்பளி. கீழே கையை விட்டால் கை வெளியே வந்துவிட்டது.

"இதுக்குப் பாதம் எங்கடி?"

"பாதம் இல்ல, பெரியம்மா. இது இப்படித்தான். கீழ ஷூ போடணும்ல?"

"குதிகால் தெரியுமே."

"தெரியட்டும் லா!"

குளிர் உள்ளங்கால் வழியாகத்தான் ஏறும். அதைத் திறந்து விட்டுவிட்டு முழங்காலை மூடி என்ன பிரயோஜனம்? கடைக்காரப் பெண்ணிடம் கேட்க வாய் வரவில்லை. பிள்ளையிடம் நிறம் நன்றாக இல்லை என்று சொல்லி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு பழைய சந்தைப் பக்கம் பாயின் ஜவுளிக் கடைக்குப் போனோம். பாயை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். தமிழில் பேசலாம்.

"என்னம்மா, பேத்திக்கா?" என்றார்.

"பாத்துக்கிற புள்ள, பாய். டான்ஸ் கிளாசுக்குக் காலுக்குக் கதகதன்னு ஏதாச்சும் வேணும். பாதம் வச்சதா இருக்கணும்."

அவர் மேல்தட்டிலிருந்து பந்து விளையாடுகிறவர்கள் போடும் நீளமான தடித்த ஸ்டோக்கின் ஒன்றை எடுத்துப் போட்டார். முழங்கால் வரை வந்தது. உள்ளே பஞ்சு மாதிரி இருந்தது.

"இதப் போட்டா கேமரன் மலையில கூட டான்ஸ் ஆடலாம்" என்றார் பாய்.

பிள்ளை முகத்தைச் சுளித்தாள். "பெரியம்மா, இது ஃபுட்போல் ஆடறவங்களோடது. எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். இழுப்பு வந்தா யாரு சிரிப்பா?" என்றேன். அவள் ஸ்டோக்கினைக் கையில் வாங்கிக்கொண்டாள். இழுப்பு என்றால் அவளுக்கும் பயம்.

சனிக்கிழமை வகுப்புக்குக் கிளம்பும் முன்னால் அவளைக் கட்டிலில் உட்கார வைத்தேன். தேங்காய் எண்ணெயைச் சூடு காட்டி, அதில் தைலம் கலந்து நெஞ்சிலும் முதுகிலும் தடவினேன். இரண்டு உள்ளங்காலிலும் நன்றாகத் தேய்த்தேன். தோட்டத்தில் பனியில் பால்மரம் வெட்டப் போகிற பெண்கள் பிள்ளைகளுக்குச் செய்துவிட்டுப் போவதுதான் அது. அதன்மேல் அந்த ஸ்டோக்கினை இழுத்துவிட்டேன். டீச்சர் கழற்றச் சொன்னாலும் கழற்றாதே என்றும் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

அன்றும் நான் படியில்தான் உட்கார்ந்தேன். கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஸ்டோக்கின் தடிப்பில் நடனச் சப்பாத்து காலில் ஏறவில்லை. டீச்சர் குனிந்து என்னவோ சொன்னாள். பிள்ளை என் பக்கம் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து ஸ்டோக்கினை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஏறாத சப்பாத்தைச் சுவர் ஓரத்தில் விட்டிருந்தாள். பியானோ சத்தம் ஆரம்பித்துவிட்டது. பிந்திவிடக் கூடாது என்று எழுந்து அதை எடுக்க ஓடினாள். இரண்டு எட்டுதான் வைத்தாள். கால் இரண்டும் முன்னால் பறந்தது, முழங்கை தரையில் அடித்தது. அந்தச் சத்தம் கண்ணாடிக்கு வெளியே எனக்குக் கேட்டது.

நான் உள்ளே போய்ச் சேர்வதற்குள் டீச்சர் அவளை மடியில் போட்டிருந்தாள். முழங்கை வீங்க ஆரம்பித்துவிட்டது. டீச்சர் தரையைக் கையால் தடவிப் பார்த்தாள். கை வழுவழுத்தது. அண்ணாந்து ஏர்கோனைப் பார்த்தாள். போன வாரம் அது ஒழுகியதாம்.

"சாரி, ஆன்ட்டி, சாரி. ஏர்கோன் தண்ணி. என் தப்பு" என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை.

கிளினிக்கில் எலும்புப் படம் எடுக்கக் காத்திருந்தபோது பிள்ளை என் காதோடு, "பெரியம்மா, எண்ணெதானே வழுக்குச்சு?" என்று கேட்டாள்.

"சும்மா இரு" என்றேன்.

அது ஏன் என் வாயில் வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. பயம்தான். எலும்பு முறிந்திருந்தால் அவள் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன், இனி பிள்ளையை என்னிடம் விடுவாளா என்று அதே நினைப்பாக இருந்தேன். செர்டாங்கில் என் அண்ணன் மகன் வீடு இருக்கிறது. போனால் படுக்க இடம் கொடுப்பான். ஆனால் அங்கே இந்தப் பிள்ளை இருக்காது.

எலும்பு முறியவில்லை. வீக்கம்தான், இரண்டு வாரம் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டார்கள்.

சாயங்காலம் ரயிலில் வந்து இறங்கிய அம்மா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தண்ணி ஒழுகுற எடத்துல புள்ளைங்கள ஆட விட்டுருக்காங்க! போன் பண்ணிச் சொன்னப்பவே, ரயில்லேருந்தே அந்த டீச்சர நல்லா கேட்டுட்டேன். இனிமே அந்தக் கிளாசே வேணாம். போதும்."

பிள்ளை அழ ஆரம்பித்தாள். "ம்மா, டீச்சர் ஒண்ணும் பண்ணல ம்மா."

"அப்ப யாரு பண்ணா?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு அம்மாவிடம் திரும்பி, "யாருமில்ல. தரை ஈரம். நாந்தான் ஓடுனேன்" என்றாள்.

ஏழு வயதுப் பிள்ளை. எனக்காகப் பொய் சொல்கிறது. பொய் சொல்லிவிட்டு, தனக்குப் பிடித்த வகுப்பையும் விட்டுக்கொடுத்துவிட்டு, ஒற்றைக் கையால் கண்ணைத் துடைக்கிறது.

நான் சமையலறைக்குப் போய் அரிசி களைய ஆரம்பித்தேன். பாதி அரிசி தொட்டியில் கொட்டியது. அம்மா பின்னாலேயே தண்ணீர் குடிக்க வந்தாள். நான் திரும்பவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"தரை ஈரமில்ல. காலுல நான் எண்ணெ தடவிவிட்டேன்."

"என்னது?"

"குளிர் ஏறக் கூடாதுன்னு. ஸ்டோக்கினும் டீச்சர் சொன்னது வாங்கல. பாதம் வச்சது வாங்கினேன். சப்பாத்து ஏறல. கழட்டிட்டு ஓடினா. அதான் வழுக்கிருச்சு."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. பிறகு, "எண்ணெ தடவுனது பரவால்ல, அக்கா. நீங்க பயந்து செஞ்சீங்க. புள்ளய ஏன் பொய் சொல்ல வச்சீங்க?" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

மூன்று நாள் அவள் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையை மட்டும் எப்போதும் போல காலையில் என் கையில் விட்டுவிட்டுப் போனாள். ஒவ்வொரு சாயங்காலமும் இன்றைக்குச் சொல்லிவிடுவாள், துணியை மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுவாள் என்றே காத்திருந்தேன். நான்காம் நாள் என் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "கை சரியானதும் கிளாசுக்குப் போகட்டும். டீச்சர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

கைக்கட்டு அவிழ்த்த வாரம் மறுபடி பேரங்காடிக்குப் போனோம். ரோஸ் விற்றுப் போயிருந்தது, சாம்பல் நிறம்தான் இருந்தது. பாதம் இல்லாத அதையே வாங்கினேன்.

சனிக்கிழமை அதைப் போட்டுவிட்டேன், எண்ணெய் வைக்கவில்லை. உள்ளங்கால் காய்ந்து வெள்ளையாக இருந்தது. மாடிப்படி ஏறும்போது மலாயில் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். பாதியில் நின்றுவிட்டேன்.

"பெரியம்மா, தாக்குத்தா?" பயமா என்று கேட்கிறாள். "மிஞாக்னு சொல்லுங்க, போதும். எண்ணென்னு டீச்சருக்குப் புரிஞ்சிடும்."

டீச்சர் கதவருகே நின்றிருந்தாள். என் காலைப் பார்த்துக்கொண்டே முழுவதும் சொன்னேன். எண்ணெய், தடித்த ஸ்டோக்கின், வாயை மூடிக்கொண்டு இருந்தது, எல்லாம். சொல்லி முடித்த பிறகும் நிமிரவில்லை.

"ஐயோ, ஆன்ட்டி" என்றாள் டீச்சர். "ஏர்கோன் ரிப்பேர் செய்கிற ஆளை மூன்று தடவை கூப்பிட்டுத் திட்டிவிட்டேனே!"

சிரிக்கிறாளா, கோபமா என்று தெரியவில்லை. உடனே போனை எடுத்து, எனக்கு முன்னாலேயே அந்த ஆளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அந்தத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. போனை வைத்துவிட்டுப் பிள்ளையின் சுவெட்டர் கழுத்துக்குள் விரலை விட்டுக் காட்டினாள். வேர்த்த பிறகு இதைப் போட்டுக்கொண்டே இருந்தால் துணி ஈரமாகும், ஈரத் துணிதான் பிள்ளைக்குக் குளிரும், அதனால்தான் கழற்றச் சொல்வது என்றாள். இழுப்பு இருப்பது தனக்கு யாரும் சொல்லவில்லை என்றாள். இனிமேல் நான் படியில் உட்காரக் கூடாது, உள்ளே உட்கார வேண்டும் என்றாள். ஓர் ஏர்கோனை நிறுத்திவிட்டாள்.

சுவர் ஓரத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த சீன அம்மா காலை மடக்கி இடம் விட்டாள். பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை வீசினார்கள். கொஞ்ச நேரத்தில் டீச்சர் கை தட்டினாள். எட்டுப் பேரும் சுவெட்டரையும் காலுறையையும் கழற்றிச் சுவர்ப்பக்கம் வீசினார்கள். எங்கள் பிள்ளையின் கால் அத்தனை ஒல்லியாக இருந்தது. மடியில் கிடந்த துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் முதுகையே பார்த்துக்கொண்டு இருந்தேன். விலா ஏறி இறங்குகிறது. எத்தனை வேகமாக என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாட்டின் நடுவில் அவள் இருமினாள்.

நான் எழுந்துவிட்டேன். டீச்சர் பாட்டை நிறுத்தினாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பிள்ளை தொண்டையில் கையை வைத்து ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டாள். பிறகு ஒன்றுமில்லை என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பழக்கத்தை அவளுக்குக் காட்டியவளே நான்தானே. மெதுவாக நடந்து போய் அவள் நெஞ்சில் கையை வைத்தேன். அத்தனை பேர் பார்க்க, நடுக் கூடத்தில், சத்தமில்லாமல் நின்றேன். மூச்சு சீராகத்தான் இருந்தது.

"ஆடு" என்று சொல்லிவிட்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன்.