சாம்பாரோடு நின்றுவிடும் கதை

நேற்று காலை கைபேசியில் ஒரு பழைய படம் வந்து விழுந்தது. எங்கள் அலிப்பூர் அலுவலகத்தின் கூட்ட அறை. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு கையில் எவர்சில்வர் வாளியும் மறு கையில் கரண்டியுமாக சார் நிற்கிறார். எதிரில் வாழை இலைக்கு முன்னால், சீருடையில், பக்கத்து நாட்டு ராணுவத்தின் கர்னல். கரண்டியிலிருந்து சாம்பார் இலையில் விழுந்துகொண்டிருக்கிறது. இருவரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். சாருக்குப் பின்னால் பாதி வெட்டுப்பட்டு ஒரு முகம் தெரிகிறது. அது நான். நான் சிரிக்கவில்லை.

அனுப்பியவள் சாருடைய மகள். கூடவே ஒரு குரல் செய்தி. "ஆன்ட்டி, அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போறது. சின்னதா ஒரு புக் போடறோம். அந்த சாம்பார் ஸ்டோரிய நீங்கதான் எழுதணும். அன்னிக்கு ரூம்ல இருந்தது நீங்கதானே? எனக்கு பெங்காலில எழுத வரும், தமிழ்ல வராது. மாட்டேன்னு சொல்லிடாதீங்க." அந்தப் பெண் மீது எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான். அவள் அப்பா அந்த அளவுக்குத்தான் சொல்லியிருந்தார்.

சார் எங்கள் அரசு எண்ணெய் நிறுவனத்தின் கல்கத்தா அலுவலகத்தில் ஒப்பந்தப் பிரிவின் தலைவர். நான் அவருக்குக் கீழே சட்ட அதிகாரி. அவர் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். நான் இங்கேயே பவானிபூரில் பிறந்து, தெருவில் பெங்காலியும் வீட்டில் தமிழுமாக வளர்ந்தவள். அந்தப் பெரிய கட்டடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். பேச்சுவார்த்தை மேஜையில் சார் அதை ஓர் ஆயுதமாகவே வைத்திருந்தார். எதிர்த் தரப்பு எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, முகத்தில் புன்னகை மாறாமல், "இன்னும் இறங்கி வருவான், பேசாம இரும்மா" என்பார். ஏதோ கணக்குக் கேட்கிறார் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சமையலறையைத் தாண்டி உதவாது என்று நான் நினைத்திருந்த மொழி வெள்ளைக்காரக் கப்பல் முதலாளிகளையே திணற அடிப்பதைப் பார்த்து எனக்கும் அப்போது பெருமைதான்.

அந்த முறை வந்தவர்கள் மலைநாட்டுக்காரர்கள். நம்முடைய நட்பு நாடு. எல்லையோரக் காடுகளில் இரு நாட்டுப் படைகளும் சேர்ந்து எடுத்த நடவடிக்கைக்கு அவர்களுடைய வண்டிகளுக்கு டீசலும், ஹெலிகாப்டர்களுக்கு எரிபொருளும் நாங்கள் தர வேண்டும். அவர்களிடம் போதுமான டாங்கர் லாரிகள் கிடையாது. எல்லையில் இறக்கிவிட்டு வர முடியாது, முகாம் வரைக்கும் நம் லாரிகளே மலையேற வேண்டும் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. லாரிகள் துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரின் ஒப்பந்தக்காரர்களுடையவை. மறுநாள் பேச்சு தொடங்குமுன் அங்கே லாரி நிறுத்தத்துக்குப் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஓட்டுநர்களைக் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். மருதாணித் தாடி வைத்த ஒருவர் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே, "வண்டி உருண்டா எங்கள யாரு கீழ கொண்டுவருவா, தீதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

அதைத்தான் நான் ஷரத்தாக எழுதினேன். எல்லைக்கு அப்பால் ஓட்டுநர் எவருக்கேனும் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால், முகாமிலுள்ள ராணுவ ஹெலிகாப்டரில் ஏற்றி நம் எல்லை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். நம் எரிபொருளில் பறக்கிற ஹெலிகாப்டர்தானே! கர்னல் முகம் கொடுக்கவில்லை. ராணுவ ஹெலிகாப்டரைச் சிவிலியன்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது என்றார். நான் மறுபடி வாயெடுத்தபோது சார் என் பக்கம் சாய்ந்தார். "இதுக்கு இவங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா. ஒப்புக்கு இன்னொரு தடவை கேட்டுட்டு விட்டுடலாம். சாயந்திரம் கையெழுத்துன்னு டெல்லிக்குச் சொல்லியாச்சு." கர்னல் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை. ஷரத்து போனது. அந்த இடத்தில், அவசர காலங்களில் இரு தரப்பும் நீண்டகால நட்புணர்வோடு ஒன்றுக்கொன்று உதவிக்கொள்ளும் என்று ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்தது. சாருக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது. எங்கே சிக்கல் வந்தாலும் அதைப் போட்டுப் பூசி மெழுகிவிடுவார்.

பிறகு சாப்பாடு. எதிராளியைப் பசியோடு அனுப்பக் கூடாது என்பது சாரின் கொள்கை. பவானிபூர் மெஸ்ஸிலிருந்து இலைச் சாப்பாடு வரவழைத்து அவரே பரிமாறினார். கர்னல் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து, பிசிறில்லாத தமிழில், "சாம்பார் பிரமாதம் சார். குன்னூர் போர்டிங் ஸ்கூல்ல பத்து வருஷம் இதச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன்" என்றார். ஒரு கணம் சாரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு வெடித்துச் சிரித்தார். கர்னலும் சிரித்தார். அந்த நேரத்தில்தான் யாரோ படம் எடுத்தார்கள்.

சாரின் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். எத்தனை கல்யாணங்களில், துர்கா பூஜை விருந்துகளில், ஓய்வு பெறும் விழாக்களில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருப்பார்! "நம்ம தமிழ் எங்கெல்லாம் போயிருக்கு பாத்தீங்களா!" என்று முடிப்பார். சோற்றில் முழுப் பூசணிக்காயை மறைக்கிற வித்தை எங்கள் சாருக்கு அவ்வளவு அழகாகக் கைவந்திருந்தது.

கை கழுவும் இடத்தில் கர்னல் என் பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறந்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். "மேடம், ஹெலிகாப்டருக்கு எனக்கு மேலேர்ந்து பர்மிஷன் இருந்துச்சு. விடாம கேட்டிருந்தா குடுத்திருப்பேன். உங்க சாரே விட்டுடலாம்னு சொன்னப்புறம் நான் எதுக்குக் குடுக்கணும்?" அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் தன் நாட்டுக்கு வேலை பார்க்க வந்தவர். நான் ஈரக் கையோடு சாரிடம் ஓடினேன். இன்னும் கையெழுத்தாகவில்லை, திரும்பக் கேட்கலாம், கிடைத்துவிடும் என்றேன். சார் இலை எடுப்பவர்களைப் பார்த்துக்கொண்டே, "எப்படித் திரும்பக் கேக்கறது? அவங்க எதிர்லயே ஒளிச்சுப் பேசினோம்னு மினிட்ஸ்ல ஏறும். டெல்லி வரைக்கும் சிரிப்பாங்க. மானம் போயிடும்மா, விடு" என்றார். ஒரு மனிதர் வெட்கப்பட வேண்டியிருக்குமே என்பதற்காக அந்த ஷரத்து செத்தது. வேறு எந்தக் காரணமும் இல்லை. நான் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். மறுவாரமே அந்தக் கோப்பு என் மேஜையிலிருந்து அடுத்த அறைக்கு மாற்றப்பட்டது.

அடுத்த வருஷ மழையில் மலைச்சாலை சரிந்து ஒரு டாங்கர் உருண்டது. ஓட்டியவர் மருதாணித் தாடிக்காரர். இடுப்பு நசுங்கியிருந்தது, ஆனால் உயிரும் நினைவும் இருந்தன. பின்னால் வந்த லாரிக்காரர் பிற்பாடு என்னிடம் சொன்னார்: முகாம் கண்ணுக்குத் தெரிகிற தூரம், ஹெலிகாப்டரும் அங்கேயே நின்றது. முகாம் அதிகாரி நல்லவர், தலைமையகத்தைக் கூப்பிட்டார். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். ஒப்பந்தத்தில் நட்புணர்வு இருந்தது. நட்புணர்வுக்கு இறக்கை கிடையாது. அவரை முட்டைக்கோஸ் லாரியில் படுக்கவைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். எல்லை வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

கிடர்பூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அழுது முடித்திருந்தாள். "உங்க பெரிய சாஹிப் முதல் லாரிக்கு மாலை போட வந்தப்ப, உங்களுக்கு எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாராம். எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு சந்தோஷமா வந்து சொன்னார், தீதி. அந்த ஏற்பாடு என்ன ஆச்சு?" என்றாள். அலுவலகத்துக்கு வந்து சாரிடம் அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதிம்மா" என்றார். பிறகு எழுந்து போய், தானே அறை அறையாக நடந்து அந்தக் குடும்பத்துக்கு நன்கொடை திரட்டினார். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் ரசம் கொண்டுவந்து கொடுத்த மனிதரும் இவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்தக் குளிர்காலத்திலேயே ஒரு கல்யாணப் பந்தியில் மறுபடியும் சாம்பார் கதை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். அதன் பிறகு நாங்கள் தமிழில் பேசிக்கொள்ளவில்லை. அவர் தமிழில் கேட்டால் நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். ஏன் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

படத்தை இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன். கர்னலின் இலை, சாரின் வாளி, பின்னால் குழாயடிக்குப் போகும் கதவு. இன்னும் சில நிமிடங்களில் அந்தக் கதவு வழியாக நான் ஈரக் கையோடு ஓடிவரப் போகிறேன். கையெழுத்துக்கு இன்னும் ஒரு மதியம் முழுக்க நேரம் இருக்கிறது. கிடர்பூரில் ஒரு மனிதர் உயிரோடு டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

சாருடைய மகளுக்கு இதை அனுப்பப் போகிறேன். தமிழில் எழுத வராதென்றாளே தவிர, வாசிக்க வராதென்று சொல்லவில்லை. நீ கேட்ட கதைதான் அம்மா. சாம்பாரோடு நிறுத்த மட்டும் என்னால் முடியவில்லை.