பெல்ட்டைப் பிடித்த கை

சுவிஸ் குடியுரிமை எடுப்பதற்காகத்தான் நான் பியர் குடிக்கப் போனேன். மனைவி இன்றுவரை இதை நம்பவில்லை.

விண்ணப்பம் போட்டு இரண்டு வருடம் இழுபட்டு, கடைசியில் நேர்முகத்துக்குக் கடிதம் வந்திருந்தது. ஊர்க்காரர் ஐந்து பேர் இருந்து கேள்வி கேட்பார்கள். மகள் இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், தன் சிவப்புப் பாஸ்போட்டை எப்போதோ எடுத்துவிட்டாள். எனக்குப் பாடம் எடுத்தவளும் அவள்தான்.

“அப்பா, எங்கடை சோலோதுர்ன் நகரத்திலை எத்தினை தேவாலயம்?”

“பதினொண்டு.”

“நீரூற்று?”

“பதினொண்டு. எல்லாம் பதினொண்டுதானே பிள்ளை. இவைக்குப் பன்னிரண்டு எண்ணத் தெரியாதோ?”

“பகிடி விடாதேங்கோ. ஊருக்குள்ளை எங்கை போறனீங்கள் எண்டு கேப்பினம். வேலை, வீடு, தமிழ்க்கடை எண்டு சொல்லப் போறியளோ? இஞ்சை சின்னச் சின்னதாய்ப் பியர் வடிக்கிற இடங்கள் கிடக்கு. போய்ப் பாத்திட்டு வாங்கோ.”

பாதுகாப்புக்கு மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து வருடமாகச் சுவிஸ் குடிமகன். “ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அத்தான், நான் சிற்றிசன்” என்பது அவன் தாரக மந்திரம்.

முதல் இடம் ஒரு பழைய கராஜ். றப்பர் சப்பாத்துப் போட்ட ஒருவர் முளைகட்டிய பார்லியை என் உள்ளங்கையில் கொட்டி மெல்லச் சொன்னார். மாடு மாதிரி மென்றேன். இரண்டாவது இடத்தில் ஊசியிலைக் குருத்துப் போட்டு வடித்த பியர். இருமலுக்குக் கொடுக்கும் கசாயத்தின் சொந்தக்காரன். இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். மூன்றாவது, நீள மேசைகளும் இருக்க வாங்குகளும் போட்ட பியர் மண்டபம். கண்ணாடிக்குப் பின்னால் செப்புக் கொப்பரைகள். சனிக்கிழமை மத்தியானம். எங்கள் மேசையின் மறுகோடியில் நாலு கிழவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். புள்ளி எழுத ஒரு சிலேட்டும் சோக்கும். கறுத்தப் பியர் என் முன்னால் வந்து நின்றது. நான் கையை நீட்டவும், ஒரு கிழவர் மற்றவரைப் பார்த்துக் ‘கள்ளன்’ என்று சொல்லவும் சரியாக இருந்தது.

சிலேட்டுத்தான் முதலில் பறந்தது. மூக்கெலும்பு முறிந்த சத்தம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது, பச்சைக் கரட் கிழங்கை ஒடிப்பதுபோல. மூக்குடைந்தவர் குவளையைத் தூக்கி, சிலேட்டால் அடித்தவரின் மண்டையில் இறக்கினார். கண்ணாடி, நுரை, இரத்தம் எல்லாம் ஒன்றாய்த் தெறித்தன. விலக்குப் பிடிக்க வந்த இரண்டு பேர் வாயில் வாங்கிக்கொண்டு அவர்களும் அடிக்கத் தொடங்கினார்கள். ஒரு வாங்கு காற்றில் போனது. ஒருவரின் தலைமயிரைப் பிடித்து மேசை விளிம்பில் மொத்தினார்கள். உடைந்த பல் ஒன்று என் கொப்பியில், ஊசியிலைக் குருத்துக்குப் பக்கத்தில், வந்து விழுந்தது.

நான் மேசைக்கு அடியில் கிடந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. ஊரில் சண்டைக் காலத்தில் ஹெலிச் சத்தத்துக்குப் பங்கருக்குள் பாய்ந்து பழகிய உடம்பு. முப்பது வருடத்தில் நிறை மட்டும்தான் கூடியிருந்தது. என் வாய் தன்பாட்டில் பதினொரு தேவாலயங்களையும் எண்ணியது. என்னுடைய கறுத்தப் பியர் மேசை நுனியால் என் சட்டைக்குள் ஒழுகியது. ‘சிற்றிசன்’ கழிவறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டியதை மட்டும் தெளிவாகப் பார்த்தேன்.

அப்போதுதான் பொலிஸ் ஞாபகம் வந்தது. பொலிஸ் வரும், பெயர் எழுதும், என் விண்ணப்பம் குப்பைக்குள் போகும். நேர்முகத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. நாலு காலில் வாசலைப் பார்த்துத் தவழ்ந்தேன்.

மண்டை உடைந்த கிழவர் வழியில் விழுந்து கிடந்தார். தாண்டும்போது என் பெல்ட்டை எட்டிப் பிடித்தார். “போகாதே” என்றார். காதின் மேலால் இரத்தம் கொப்பளித்தது.

நான் நல்ல மனிதனாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றப் பார்த்தேன். முடியவில்லை. சின்ன விரலைக் கடிக்கலாமோ என்றும் யோசித்தேன். பிறகு பெல்ட்டை அவரிடமே விட்டுவிட்டு ஓடுவோம் என்று கொளுவியைக் கழற்றினேன். காற்சட்டைப் பொத்தானும் அதோடு போனது, பெல்ட் மட்டும் வரவில்லை. கடைசி வழியாக என் கம்பளித் தொப்பியைக் காயத்தில் வைத்து அமத்தினேன், இரத்தம் நின்றால் பிடியை விடுவார் என்ற நம்பிக்கையில். இரத்தம் மெல்ல அடங்கியது. பிடி அடங்கவில்லை. அம்புலன்ஸ்காரர் வந்துதான் கையைப் பிரித்தார்கள்.

பின்னாலேயே பொலிஸ். சீருடையைக் கண்டதும் நான் எழும்பிச் சுவரைப் பார்த்து நின்று இரண்டு கையையும் தலையில் வைத்தேன். காற்சட்டை முழங்காலுக்கு இறங்கியது.

கழிவறைக் கதவு திறந்தது. “அத்தான்! கையை விட்டிட்டு முதல்லை காற்சட்டையைப் பிடியுங்கோ!”

“உங்களை யாரும் சுவரோடு நிற்கச் சொல்லவில்லையே” என்றாள் பொலிஸ்காரி. சொல்லாமலே நிற்பதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம் என்று டொச் மொழியில் விளக்க வரவில்லை. பெயரை எழுதினாள். சாட்சி என்று ஒரு தாளும் தந்தாள்.

“நேர்முகத்திலை அதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது” என்று மகள் சத்தியம் வாங்கினாள்.

குழுவின் தலைவி முதல் கேள்வியாக, “நகரத்தில் எந்த இடங்களுக்குப் போவீர்கள்?” என்று கேட்டார். பொலிஸ்காரி தந்த தாளை எடுத்து மேசையில் வைத்தேன். வைத்த பிறகு வாய் நிற்கவில்லை. சிலேட்டு, பல், மேசைக்கு அடியில் கிடந்தது, காற்சட்டை எல்லாம் வந்தன.

“விரலைக் கடிக்க நினைத்தீர்களா?”

“சின்ன விரலை மட்டும்.”

ஐந்து பேரும் குனிந்து எதையோ எழுதினார்கள். தேவாலயங்கள் பதினொன்றும் என் தலையை விட்டுப் போய்விட்டன.

“அந்த முதியவர் இப்போது எப்படி இருக்கிறார்?”

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்திருந்தேன். என் தொப்பியைத் தோய்த்து வைத்திருந்தார். “நலம். தையல் போட்டிருக்கிறார்கள்.”

“எத்தனை?”

உண்மையில் பன்னிரண்டு. அவர்களின் முகங்களைப் பார்த்தேன்.

“பதினொன்று.”

மூலையில் இருந்தவர்தான் முதலில் சிரித்தார். பிறகு தலைவி மேசையில் தட்டிச் சிரித்தார்.

அடுத்த மாதம் சம்மதக் கடிதம் வந்தது. அதே மண்டபத்துக்குக் கிழவர் என்னையும் ‘சிற்றிசனை’யும் அழைத்தார். அன்று ஒழுகிப்போன கறுத்தப் பியரைக் குடிக்க வேண்டும் அல்லவா, போனேன். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தேன். இலாஸ்டிக் வைத்த காற்சட்டைதான் போட்டிருந்தேன், பெல்ட் கட்டவில்லை.