அரிசி அறைக் கதவில் ஏறிய கோடு

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. திண்டுக்கல்லில் ஒரு மாணவர் விடுதியின் கிணறு வற்றிவிட்டது. அரை மைல் தள்ளியிருந்த கிணற்றிலிருந்து தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக் கொண்டுவர என்னை வைத்துக்கொண்டார்கள். இரண்டு வேளைச் சோறு உண்டு. அதற்கு முன் ஆத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பாதி நாள் பட்டினி கிடந்தவன் நான். இந்தச் சோற்றை விடக்கூடாது என்று இருந்தேன்.

விடுதியைக் கவனித்த அறிவியல் சார், பையன்களுக்குத் தண்ணீரை அளந்து செலவழிக்கக் கற்றுத்தர முனைந்தார். காவிரிக் கரையில் பிறந்தவர். செம்புக்கு ஒரு கரிக்கோடு, சமையல்கட்டுச் சுவரில் அவரவர் பெயருக்கு நேரே.

"யாருக்குக் கோடு அதிகமோ, அவர்தான் அடுத்த வாரம் வண்டி தள்ளணும். நானும் இதுல சேர்த்தி," என்றார். சொல்லிக்கொண்டே அளவுச் செம்பை மூன்று தடவை அலசிக் கொட்டினார்.

பையன்கள் மானாவாரிக் காட்டுப் பிள்ளைகள். ஐந்து செம்பில் குளித்து, வழிந்த தண்ணீரில் துண்டையும் அலசிவிடுவார்கள். குளிக்காமலே கோட்டைக் குறைத்த ஒருவனை, பக்கத்தில் படுப்பவன் காட்டிக்கொடுத்தான்.

சனிக்கிழமை எண்ணினார்கள். சார் பெயருக்கு நேரே வெறும் சுவர். கோடு போட அவருக்கு மறந்துபோயிருந்தது. அவர் அறைத் தொட்டியை நிரப்பியவன் நான்.

நெய்க்காரப்பட்டிப் பையன் ஒருவன் என்னிடம் திரும்பினான். "ஏனுங்ண்ணா, சாருக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடமுங்க?"

சாரும் என்னைப் பார்த்தார். சோற்றுத்தட்டு என் கண்முன் வந்துபோனது.

"எட்டு."

"ஏலே, எங்க எருமைக்கே அம்புட்டு ஆகாதுலே!" என்றான் இன்னொருவன்.

குடத்துக்குப் பதினைந்து செம்பு என்று பெருக்கிப் போட்ட கோடு, சுவர் முடிந்து, மூலை திரும்பி, அரிசி அறைக் கதவில் ஏறியது. சார் கோபப்படவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, "வண்டியை விடுப்பா," என்றார்.

மூன்றாம் நாளே அவருடைய எட்டுக் குடம் ஒன்றானது. அதிலும் மிச்சம் வைத்தார். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். வாரம் முடிந்தபோது விடுதி முழுவதற்குமே ஒரு நாளைக்கு ஒரு வண்டித் தண்ணீர் போதுமென்று ஆகிவிட்டது. பையன்களே முறைவைத்துத் தள்ளிக்கொள்வார்களாம்.

"கோவிச்சுக்காதேப்பா," என்றார் சார்.

கீரனூரில் கிணறு வெட்ட ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கடைசிச் சாப்பாட்டில் குழம்பு இரண்டு தடவை வாங்கிக்கொண்டு, எழுந்து ஒரு செம்புத் தண்ணீரில் கை கழுவினேன். நெய்க்காரப்பட்டிப் பையன் கரித்துண்டோடு சுவரோரம் நின்றான்.

"உங்க கோட்டை எங்கீங்ண்ணா போடறது?"

"சார் பேருலயே போடு, அப்பு."