வராதவர்களைத் தேடி வந்தவர்கள்

திருப்பதியில் எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர் பெட்டியில் கரியைப் போட்டு விசிறும்போது நான் நின்றுவிடுவேன். அது அடுப்புக்கரி, ரயில் கரியின் வாசனை வேறு. என் மூக்குக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரிவதில்லை. கரி என்றால் அதற்கு என் வீட்டுக்காரர்தான்.

அவர் பாகாலா ரயில் ஷெட்டில் ஃபயர்மேன், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுபவர். கல்யாணமாகி அரக்கோணத்திலிருந்து நான் அங்கே போனபோது, ஓடு வேய்ந்த சின்ன வேதக்கோயிலில் காலையில் தமிழ் ஆராதனை, பிறகு தெலுங்கு ஆராதனை. திருத்தணி அந்தப் பக்கம், சித்தூர் இந்தப் பக்கம் என்று மாநில எல்லை முடிவானதும் தமிழ்க் குடும்பங்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு போகத் தொடங்கின. கடைசியில் தமிழ் ஆராதனைக்கு, அதை நடத்தும் உபதேசியாரும் நாங்கள் இரண்டு பேரும்தான். அதையும் நிறுத்திவிட்டார்கள்.

"மாசத்துக்கு ஒருதரம் அரக்கோணம் கோயிலுக்குப் போய்ட்டு வந்தா போதாதா?" என்று கேட்டேன்.

"அங்க நாம விருந்தாளி. இருக்கிற ஊர்ல நமக்கு ஒரு சபை வேணும். தெலுங்கு புரியலன்னாலும் வந்து உக்காரு" என்றார் அவர்.

உட்கார்ந்தேன். எல்லாரும் பாட்டை முடித்த பிறகும் என் உதடு அசைந்துகொண்டிருக்கும். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று படுத்துவிட்டேன். ஆராதனை முடிந்த கையோடு வாசலில் ஒரு குரல்: "ஏமம்மா, ஈரோஜு ராலேது?" ஏன் இன்றைக்கு வரவில்லையாம். ரத்னம்மா. தண்டவாளம் பழுதுபார்க்கும் கூலிக்காரர் ஒருவரின் மனைவி. அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. இதென்ன தொல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு விஷ ஜுரம் வந்தது. தொற்றிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டுக் கதவுகள் சாத்திக்கொண்டன. அரக்கோணத்துக்குத் தகவல் அனுப்பியும் யாரும் வரவில்லை. ரத்னம்மா வந்தாள். அவள் புருஷன் வந்தான். சபையிலிருந்து மாற்றி மாற்றி ஆள் வந்து ஈரத்துணி போட்டார்கள். எனக்குத் தெரிந்த தமிழ் ஜெபமெல்லாம் தீர்ந்துபோய் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் தெலுங்கில் ஜெபித்தார்கள். ரத்னம்மா கஞ்சியை என் வாயருகே கொண்டுவந்து, "நீ துன்னலன்னா நானும் துன்ன மாட்டேன்" என்றாள் அரைகுறைத் தமிழில்.

அவர் பிழைக்கவில்லை.

சபையிலிருந்த தச்சர் பெட்டி செய்தார். சபை ஆட்களே குழி வெட்டி, அவர்களே தூக்கிப்போய் அடக்கம் செய்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு என் அண்ணன் வந்தான். ரத்னம்மா கொடுத்த காப்பியைத் தொடாமல் கீழே வைத்தான்.

"இங்க யாரு கீறாங்க உனக்கு? கிளம்பு. இவங்க கூடவா இருக்கப் போற?"

"இவங்கதான் அவரைத் தூக்கினாங்க."

"அதுக்கு?"

எனக்கு அன்றைக்குத் தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை. அரக்கோணம் போய்ச் சேர்ந்தால் அவர் செத்தது நிஜமாகிவிடும் என்று பயம். ஆறிப்போன அந்தக் காப்பியை நானே எடுத்துக் குடித்தேன். அண்ணன் தனியாக ரயில் ஏறினான். சபைப் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்து, அந்த ஊரிலேயே காலத்தை ஓட்டினேன்.

வயதாகி முடியாமல் போகவும் அண்ணன் மகள் என்னைத் திருப்பதிக்குக் கூட்டி வந்தாள். ரத்னம்மாவும் கண்ணை மூடிவிட்டாள். அவள் பேரன்கள் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டாம். போன வருஷம் பாகாலா போனபோது ஓட்டுக் கட்டடம் இல்லை. புதிதாகக் கட்டிய கான்கிரீட் கோயில் பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

இங்கே நான் வருஷக்கணக்காகப் போகும் சபை பெரிய மண்டபம். போன மாதம் முழுக்க ஜுரத்தில் கிடந்தேன், வாசலில் யார் குரலும் கேட்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் நின்ற இளம்பெண் என் கையை அன்பாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, மீரு கொத்தகா வச்சாரா?" புதிதாக வந்திருக்கிறேனா என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, காலியாக இருந்த ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.