ஓரவஞ்சனை

எங்கள் தீவன ஆய்வுக்கூடத்தில் அந்த அம்மாளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் மோப்பம். நேரில் அப்படிக் கூப்பிட யாருக்கும் தைரியம் வந்ததில்லை. டீயைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். தன் கைக்குட்டையையே சந்தேகப்படும் பிறவி.

தீவனத்தில் கலக்கும் அமினோ அமிலங்கள் கோழிக்குக் கெடுதல் செய்யுமா, சொன்ன பலனைத் தருமா என்று சோதிப்பது அவர் வேலை. அந்த முறை வந்தது மெத்தியோனின் என்ற அமினோ அமிலத் தூள். ஒரு கொட்டகைக்குத் தூள் கலந்த தீனி, பக்கத்துக் கொட்டகைக்கு வெறும் தீனி. ஈரலிலும் ரத்தத்திலும் கோளாறு இல்லை. ஆனால் கோழிகளை எடை போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது.

“சுத்த ஏமாத்து” என்றார் மோப்பம். தூளை விற்கும் கம்பெனிக்காரர் குழைந்து குழைந்து பேசியபோதே அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான். அங்கே அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் தீனி வைக்கும் பெண். அவளுக்குக் கோழிகள் மேல் அவ்வளவு பிரியம்.

மோப்பத்தின் தம்பி ஒரு கோழிப்பண்ணை வைத்திருந்தான். தீனிக்குப் போடும் சோயாவின் விலை கழுத்தை நெரித்தது. சோயாவைக் குறைத்து இந்தத் தூளைப் போட்டால் தப்பிக்கலாம், இல்லையென்றால் பண்ணையை மூட வேண்டியதுதான். அக்காவின் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தான். அவரும் போனில் சொல்லிவிட்டார்: “வாங்காதடா. வேலைக்கு ஆகாது.”

மறுநாள் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடப்போகையில் இன்னொரு சந்தேகம். தூளை உண்மையிலேயே கலந்தார்களா? என்னையும் இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். தூள் கலந்த தொட்டியில் மெத்தியோனினுக்கே உரிய அழுகிய முட்டைக்கோஸ் வாடை அடித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வெறும் தீனித் தொட்டியிலும் மூக்கை நுழைத்தார். அங்கும் அதே வாடை.

“இதுல யாரு தூளைப் போட்டது?”

“நான்தாங்க” என்றாள் தீனி வைக்கும் பெண். “தினமும் ரெண்டு தீனியையும் கலந்து ரெண்டு பக்கமும் பாதிப் பாதி போட்டுடுவேன். சத்து ஒரு பக்கத்துக்கு மட்டும்னா, இதுங்க என்ன பாவம் பண்ணுச்சு? ஓரவஞ்சனை நமக்கு ஆகாதுங்க.”

சோதனையே அந்த ஓரவஞ்சனையில்தான் நிற்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மோப்பம் அவசரமாகத் தம்பிக்குப் போன் போட்டார்.

“நேத்து சொன்னதை விட்டுடுடா. முதல்லேருந்து சோதிக்கணும். அதுவரைக்கும் பொறு.”

தம்பியின் குரல் எனக்கும் கேட்டது.

“நீ யாரையும் லேசுல நம்பாத ஆளாச்சேக்கா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு காலையிலேயே எல்லாக் கோழியையும் வித்துட்டேன். இப்பக் கொட்டகையைக் கூட்டிக்கிட்டு இருக்கேன்.”